மூன்று ஷில்லிங்குக்கு ஒரு த்ரில்

ஜாக் அண்ட் ஜில் பாட்டில் ஜாக் விழுந்து உடைத்துக்கொண்டது கிரீடத்தை அல்ல. எல்.கே.ஜி. புத்தகத்துக்குப் படம் போடுபவர்கள் சிலர் பையன் தலையில் தங்கக் கிரீடம் மாட்டி, அது மலைச்சரிவில் உருண்டு போவதுபோல வரைந்துவிடுகிறார்கள். பாட்டில் வரும் கிரவுன் உச்சந்தலை. உடைந்தது என்றால் மண்டையோடு பிளந்துபோனது என்றும் பொருள் இல்லை. தோல் கிழிந்து ரத்தம் எட்டிப்பார்த்தாலே அந்தக் காலத்து ஆங்கிலத்தில் தலை 'உடைந்துவிடும்'. நாமும் மண்டை உடைந்துவிட்டது என்று ஊரைக் கூட்டிவிட்டு நாலு தையலோடு வீடு திரும்புகிறோமே, அதேதான். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ரோமியோ ஒரு இலையின் பெயரைச் சொல்லி, 'உடைந்த' காலுக்கு அது நல்ல மருந்து என்று கிண்டலடிப்பான். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்த சிராய்ப்புக்குத்தான் அந்த இலை. ஜாக்கும் வினிகரில் நனைத்த பழுப்புக் காகிதத்தைத் தலையில் ஒட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். எலும்பு உடைந்தவன் வைத்தியம் இல்லை அது.

ஆங்கிலத்தில் காயங்களுக்கு இருந்த பழைய பெயர்களைத் தேடிப் போனால் முதலில் வைத்தியரைச் சந்திப்போம் என்று நினைத்திருந்தேன். எதிரில் வந்தவர் கணக்குப்பிள்ளை. எந்தப் பல் போனது, எந்த எலும்பு வெளியே தெரிந்தது, அடித்தவன் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பைசா சுத்தமாக எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு சொற்களும் தப்பி வந்துவிட்டன.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட் என்று ஒரு குட்டி ராஜ்யம் இருந்தது. அதன் ராஜா ஏதெல்பெர்ட். 597இல் ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி வந்து இறங்கினார், ராஜா ஞானஸ்நானம் எடுத்தார். கி.பி. 600 வாக்கில் அவருடைய ஊர்ச் சட்டத்தை எழுத்தில் வடித்தார்கள். ஆங்கிலத்தில் இயற்றப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் சட்டங்களில் இதுதான் மிகப் பழையது. மூல ஏடு இல்லை. 1120களில் ராச்செஸ்டர் தேவாலயத்தில் யாரோ எடுத்துவைத்த ஒரே ஒரு பிரதியை நம்பித்தான் இவ்வளவு பேச்சும்.

கோயில் சொத்தைத் திருடினால் என்ன, ராஜா வீட்டு விருந்தில் வம்பு செய்தால் என்ன என்று ஆரம்பிக்கும் சட்டம், கொஞ்ச தூரம் போனதும் காயங்களின் பட்டியலாக மாறிவிடுகிறது. தலைமுடியில் தொடங்கிக் கால் நகத்தில் முடிகிறது. நம் புலவர்கள் தெய்வத்துக்குக் கேசாதிபாதம் பாடினார்கள். கென்ட்டில் அடிபட்டவனுக்குப் பாடியிருக்கிறார்கள்.

முடியைப் பிடித்து இழுத்தால் 50 காசு. அந்தக் காசு 20 சேர்ந்தால் ஒரு ஷில்லிங். அன்றைக்கு ஒரு ஷில்லிங் ஏறக்குறைய ஒரு மாட்டின் விலை என்று ஒரு கணிப்பு உண்டு, ஆகவே இரண்டரை மாடு. குழாயடிச் சண்டைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். இந்தக் குற்றத்துக்கு ஃபியக்ஸ்ஃபாங் என்று பெயர். ஃபியக்ஸ் என்றால் முடி, ஃபாங் என்றால் பிடி. முடி இன்றைக்கு ஃபேர்ஃபாக்ஸ் என்ற குடும்பப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது, பிடி பாம்பின் நச்சுப்பல்லுக்குப் போய்விட்டது. எலும்பு வெளியே தெரிந்தால் 3 ஷில்லிங். எலும்பிலேயே வெட்டு விழுந்தால், 'எலும்புக் கடி' என்று பெயர், 4 ஷில்லிங். முன்பற்கள் நான்குக்கும் தலா 6, அடுத்த பல்லுக்கு 4, அதற்கடுத்ததுக்கு 3, அப்புறம் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு ஷில்லிங். வெளியே தெரியத் தெரிய விலை ஏறும். பேச்சு கெட்டுப்போனால் 12.

காதுக்கு வருவோம். அறுத்து எடுத்துவிட்டால் 12 ஷில்லிங். ஓரம் பிய்ந்து பள்ளம் விழுந்தால் 6. அப்படிப் பிய்ந்த காதை 'ஷேர்டு' என்றார்கள், உடைந்த மண்பானைச் சில்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயர் அதிலிருந்து வந்ததுதான். காதில் ஓட்டை போட்டுவிட்டால் 3 ஷில்லிங். ஓட்டைக்கு அவர்கள் சொல் 'திரெல்'. மூக்கு ஓட்டைதான் நாஸ்ட்ரில். துளைத்தல் என்ற வினையாகவும் அது புழங்கியது, அப்புறம் நாக்கில் எழுத்துகள் இடம் மாறி த்ரில் ஆனது. உடம்பைத் துளைத்தது பிற்பாடு உள்ளத்தைத் துளைக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ரிலீஸாகும் த்ரில்லர் படத்துக்கு வேர் ஒரு குத்தப்பட்ட காது. நம் ஊரில் குழந்தைக்குக் காது குத்தினால் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும். கென்ட்டில் பிறந்திருந்தால் மாமனுக்கு மூன்று ஷில்லிங்கோடு போயிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி அடிக்காயத்தைப் பற்றியது. அடித்த இடம் கறுத்துப்போய், அது துணிக்கு வெளியே தெரிகிற இடமாக இருந்தால் 30 காசு. துணிக்குள் மறைகிற இடமாக இருந்தால் 20. வலி ரெண்டுக்கும் ஒன்றுதான். அந்தப் பத்துக் காசு, நாலு பேர் பார்த்து 'என்னாச்சு?' என்று கேட்பதற்காக. அந்த அடிக்கு 'டிண்ட்' என்று பெயர். அதன் வேறொரு உச்சரிப்புதான் டென்ட். கார் கதவில் விழுந்த டென்ட்டை டிங்கரிங் கடையில் எடுக்கச் சொல்கிறோமே, அது முதலில் மனுஷன் மேல் விழுந்தது.

இந்த மாதிரிப் பட்டியல்களைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. காரணம் படிப்பு இல்லை, வக்கீல் ஆபீஸ். கோயம்புத்தூரில் ஒரு வக்கீலிடம் நஷ்டஈட்டு மனுக்கள் டைப் செய்துகொண்டிருந்தேன். அதிகமாக வந்தவை விரல்கள். பவர் பிரஸ், லேத், ஃபவுண்டரி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒரே வரியில், 7. எலும்பு சேதமில்லாமல் நுனி மட்டும் துண்டானால் அதற்கு 'கில்லட்டின்' வெட்டு என்று சட்டத்திலேயே பெயர். ஆள்காட்டி விரலின் நுனிக்கு 5, சுண்டுவிரல் நுனிக்கு 2. இந்தச் சதவீதத்தைச் சம்பளத்தோடும் வயதோடும் பெருக்கினால் தொகை வந்துவிடும்.

பிரஸ் ஆப்பரேட்டர் ஒருவர், நரைத்த மீசை, மேசை மேல் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு நான் டைப் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் இருந்த இடத்தில் தோல் பளபளவென்று இழுத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"சுண்டுவெரலுக்கு ஏழுதானுங்களா தம்பி?"

"ஆமாங்கண்ணா. அட்டவணைல அப்படித்தான் இருக்குது."

"அத எழுதுனவர சுண்டுவெரல மடக்கி வெச்சுக்கிட்டு சுத்தியலப் புடிச்சு ஒரு நாள் அடிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஏழு போடட்டும்."

ஏதெல்பெர்ட்டின் சட்டத்தை வெகு காலம் கழித்துப் படித்தபோது நான் முதலில் தேடிப் போனது விரல்களைத்தான். கட்டைவிரல் 20 ஷில்லிங். ஆள்காட்டி விரலுக்கு அங்கே 'எய்யும் விரல்' என்று பெயர், வில்லில் நாணை இழுப்பது. நடுவிரல் 4. மோதிர விரலுக்குத் 'தங்க விரல்' என்று அழகான பெயர், விலை 6. சுண்டுவிரல் 11! நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்தாலும் அதன் விலைக்கு ஈடாகாது. வாளோ கோடாரியோ கைப்பிடி நழுவாமல் இறுக்கிப் பிடிப்பது சுண்டுவிரல்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. பிரஸ் ஆப்பரேட்டர் சொன்னதும் அதேதானே. கால் கட்டைவிரலுக்கு 10, அதன் நகத்துக்கு 30 காசு, மற்ற கால் நகங்களுக்குத் தலா 10 காசு. அதோடு உடம்பு முடிகிறது.

கட்டிய பணத்துக்குப் பெயர் 'போட்', சீர்செய்வது என்று பொருள். ஆங்கிலத்தில் பெட்டர் என்கிறோமே, அதன் உறவுக்காரச் சொல்.

ரோமில் இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 450 வாக்கில், பன்னிரண்டு பலகைச் சட்டம் இதே வேலையைச் செய்திருந்தது. எலும்பை முறித்தால் சுதந்திர மனிதனுக்கு 300 செப்புக்காசு, அடிமைக்கு 150. அறை, குத்து போன்ற மற்றதெல்லாம் 'இன்யூரியா', தலா 25. இன்யூரியா என்றால் நியாயமில்லாதது, அவ்வளவுதான். அதில் ரத்தமும் இல்லை, எலும்பும் இல்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் இஞ்சுரி என்று எழுதுகிற சொல் பிறந்தது கோர்ட்டில். நாள் போகப் போகக் காசின் மதிப்பு இறங்கிவிட்டது, சட்டத்தில் 25 அப்படியே நின்றது. லூசியஸ் வெராத்தியஸ் என்று ஒரு பணக்காரப் போக்கிரி, பொழுதுபோகவில்லை என்றால் தெருவில் இறங்கி எதிரில் வருகிறவர் கன்னத்தில் பளார் என்று ஒன்று விடுவானாம். பின்னாலேயே அடிமை ஒருவன் காசுப் பையோடு வருவான், 25ஐ எண்ணி அறை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டுப் போவான். ஆலஸ் கெல்லியஸ் என்ற ரோமானியர் இதை எழுதிவைத்திருக்கிறார். இவனைப் போன்றவர்களால்தான் நிர்ணய விலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வழக்கிலும் தொகையை மதிப்பிட ஆட்களைப் போட ஆரம்பித்தார்களாம்.

மீண்டும் இங்கிலாந்து. பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்து பிரெஞ்சில் கோர்ட் நடத்த ஆரம்பித்தபின் வந்த சொல் 'மஹைம்'. அதுவே ஒரு வழியில், ஊனமாக்குவது என்ற பொருளில், மெய்ம் ஆகவும் இன்னொரு வழியில் மேஹெம் ஆகவும் பிரிந்தது. செய்தித்தாளில் மேஹெம் என்றால் கலவரம், களேபரம், ஸ்டேடியத்தில் நாற்காலி பறப்பது. சட்டத்தில் அது ஒரு குறிப்பிட்ட காயம். சண்டை போடுவதற்குத் தேவையான உறுப்பு ஒன்றை ஒருவன் இழக்கும்படி செய்வதுதான் மேஹெம். உன் உடம்பு உன்னுடையது மட்டுமில்லை, போர் என்றால் ராஜாவுக்கும் அதில் பங்கு உண்டு என்ற கணக்கு.

இந்தக் கணக்கின் விசித்திரங்களை 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் வரிசையாகச் சொல்கிறார். கை, விரல், கண், முன்பல் போனால் மேஹெம். எந்த மிருகமானாலும் எதை இழந்தால் வீரம் குன்றிவிடுமோ அதுவும் மேஹெம் (அவரும் இவ்வளவு நாசூக்காகத்தான் சொல்கிறார்). காதோ மூக்கோ போனால் மேஹெம் இல்லை. அவலட்சணமாவான், ஆனால் சண்டை போடலாம் அல்லவா! கென்ட் ராஜாவுக்கு முகம் முக்கியமாக இருந்தது. இவர்களுக்குச் சிப்பாய்தான் முக்கியம்.

ராஜாவுக்குப் பங்கு என்பது வெறும் பேச்சில்லை. 1613இல் லெஸ்டர் பக்கத்தில் ரைட் என்று ஒரு வாலிபன், திடகாத்திரமான ஆள், வேலைக்குப் போக மனமில்லை. கை இல்லாவிட்டால் பிச்சை நன்றாக விழும் என்று கூட்டாளியை விட்டுத் தன் இடது கையை வெட்டச் சொன்னான். ரெண்டு பேர் மேலும் மேஹெம் வழக்கு, ரெண்டு பேருக்கும் தண்டம். அந்தக் காலத்து நீதிபதி எட்வர்ட் கோக் தன் சட்ட நூலில் இதைப் பதிந்திருக்கிறார். தன் கையைத் தானே இழந்தவன் குற்றவாளி ஆனதற்கு வேறு காரணம் சொல்ல முடியாது.

மூக்கு விடுபட்டது எம்.பி. ஒருவர் மூக்கில் போய் முடிந்தது. 1670இல் நாடகக் கொட்டகைகளுக்கு வரி போடுவது பற்றிப் பேச்சு வந்தது. நடிகர்கள் மன்னரின் கேளிக்கைக்காக இருப்பவர்கள், வரி கூடாது என்றது அரண்மனைத் தரப்பு. சர் ஜான் கவென்ட்ரி எழுந்து, மன்னரின் கேளிக்கை நடிகர்களிடமா நடிகைகளிடமா என்று கேட்டார். இரண்டாம் சார்லஸுக்கு நடிகை நெல் க்வின்னோடு இருந்த தொடர்பு லண்டனே அறிந்த விஷயம். டிசம்பர் 21ஆம் தேதி ராத்திரி வீடு திரும்பிக்கொண்டிருந்தவரை அரண்மனைக் காவல் படைக்காரர்கள் மடக்கி, மூக்கை எலும்பு வரை கிழித்துவிட்டார்கள். பார்லிமென்ட் கொதித்துப்போய், பதுங்கியிருந்து தாக்கி மூக்கைக் கிழிப்பது, உதட்டை அறுப்பது முதலியவற்றுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டது. கவென்ட்ரி சட்டம் என்றே பெயர். 1828 வரை அது புத்தகத்தில் இருந்தது.

இதெல்லாம் அந்நியக் கதை என்று ஒதுக்க முடியாது. மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு தயாரித்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நம் தலையில் ஏறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு கொடுங்காயத்தை எட்டு வகையாகப் பிரித்தது. முதல் வகை ஆண்மையை அழித்தல், அதாவது பிளாக்ஸ்டன் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டது. அப்புறம் கண், காது, உறுப்பு, மூட்டு. ஆறாவது, தலையோ முகமோ நிரந்தரமாக அவலட்சணமாவது, கவென்ட்ரியின் மூக்குக்கு இங்கே இடம் கிடைத்துவிட்டது. ஏழாவது, எலும்பு முறிவோ பல் உடைவோ. எட்டாவது, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 20 நாள் கடும் வலியிலோ தன் வேலையைப் பார்க்க முடியாமலோ கிடப்பது. புதிதாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 20 நாள் 15 ஆகியிருக்கிறது.

அடிதடிக் கேஸ் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் பலம் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) போட்டு, அப்புறம் டாக்டர் கொடுக்கும் காயச் சான்றிதழில் 'சிம்பிளா கிரீவியஸா' என்ற ஒற்றைக் கேள்விக்காக ரெண்டு குடும்பமும் வராந்தாவில் காத்துக் கிடக்கும். தலையில் பெரிய கட்டோடு நிற்பவனுக்கு சிம்பிள் என்று வரும். எதிராளிக்கு உதடுகூட வீங்கியிருக்காது, ஆனால் பல் ஒன்று நுனியில் உடைந்திருக்கும், அவனுக்குக் கிரீவியஸ். நியாயமா என்று கேட்டால் பல்லுக்கு இந்த மரியாதை 1400 வருஷமாக நடந்து வருகிறது என்றுதான் சொல்ல முடியும். எனக்கு அந்தப் பட்டியல் மேல் பெரிய கோபம் இல்லை. பட்டியல் இல்லாத இடத்தில் யார் குரல் பெரிதோ அவன் காயம்தான் பெரிதாக இருக்கும்.

ஸ்மார்ட் என்ற சொல்லும் பணத்தோடுதான் கொஞ்ச காலம் பிழைத்தது. பழைய ஆங்கிலத்தில் அது சுரீர் என்ற வலி. தேள் கொட்டினால், சாட்டை பட்டால் வருவது. சுரீர் என்பது சுறுசுறுப்பாகி, சுறுசுறுப்பு புத்திசாலித்தனமாகி, கடைசியில் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு வந்துவிட்டது. நடுவில் கப்பல் படையிலும் தரைப்படையிலும் காயம்பட்டவனுக்குக் கொடுத்த தொகைக்கு 'ஸ்மார்ட் பணம்' என்று பெயர் இருந்தது, வலிக்கான கூலி. ஸ்பெயினின் ஆர்மடா என்ற கப்பல் படையோடு நடந்த போருக்குப் பின் சாத்தம் என்ற ஊரில் மாலுமிகள் சம்பளத்தில் மாதம் ஆறு பென்ஸ் பிடித்து ஒரு பெட்டியில் போட்டுவைத்தார்கள், ஊனமானவர்களுக்குக் கொடுக்க. காயத்துக்குச் சான்றாகக் கொடுத்த சீட்டுக்கு 'ஸ்மார்ட் டிக்கெட்' என்றே பெயர்.

விலைப்பட்டியலில் ஏறாத காயங்களின் பெயர்கள் போன திசை வேறு. சாட்டையடியில் தோலில் எழும்பும் தடிப்புக்கு 'வேல்' என்று பெயர் (முருகனுக்குத் தொடர்பில்லை). முதலில் மேடு, வரப்பு என்று பொருள். படகின் விளிம்புப் பலகைக்கும் கார்டுராய் துணியின் கோட்டுக்கும் அதே பெயர்தான். லேசான கத்திக் கீறலுக்கு ஸ்காட்ச் என்றார்கள். தரையில் கீறிய கோட்டுக்கும் அது பெயரானது, கோட்டை நொண்டியடித்துத் தாண்டும் ஆட்டம் ஹாப்ஸ்காட்ச், நம் பாண்டி. ப்ரூஸ் என்பது இன்றைக்குக் கன்றிப்போன நீலத் தழும்பு, பழைய பொருளில் நசுக்குவது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் பாம்பின் தலைக்கு நேர்வது ப்ரூஸ்தான். அந்த இடத்தைத் தமிழ் பைபிளில் படித்தால் ஒரு குழப்பமும் இல்லை, "அவர் உன் தலையை நசுக்குவார்" என்றே இருக்கிறது.

எல்லாவற்றிலும் அதிகம் அலைந்து திரிந்தது கால் ஆணியின் பெயர். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆங்நேய்ல்'. ஆங் என்றால் இறுக்கி வலிப்பது, கோபத்துக்கான ஆங்கர், வேதனைக்கான ஆங்குவிஷ் எல்லாம் அந்தக் குடும்பம். நேய்ல் என்றால் இரும்பு ஆணி. பாதத்தில் ஆணித்தலை மாதிரி கெட்டிப்பட்டு, நடந்தால் உயிர் போகிறதே, அதற்கு வலிக்கும் ஆணி என்று பெயர். லத்தீனிலும் கால் ஆணிக்கு 'கிளாவுஸ்', ஆணி. கேட்டுக்கொள்ளாமலேயே மூன்று ஊர்க்காரர்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கெட்டது எங்கே என்றால், ஆங்கிலத்தில் ஆணிக்கும் நகத்துக்கும் ஒரே சொல். கால் ஆணிக்காக யாரும் யாருக்கும் ஷில்லிங் கட்டவில்லை, ஆகவே இது ஆணியா நகமா என்று கேட்டு எழுதிவைக்க எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் அவசியம் வரவில்லை. வலிக்கும் ஆணி மெல்ல வலிக்கும் நகமாகி, பாதத்தை விட்டுக் கைவிரலுக்கு ஏறிவிட்டது. ஆங் என்றால் என்னவென்று மறந்தபின், நகத்தோரம் தோல் பிரிந்து தொங்குவதைப் பார்த்து, தொங்கலுக்கான ஹாங்கை முன்னால் ஒட்டி 'ஹாங்நெயில்' ஆக்கிவிட்டார்கள். பாதத்தில் இருக்கிற சமாசாரத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த கார்ன் என்ற பெயர் நிலைத்தது. சோளத்துக்கும் அதற்கும் உறவில்லை, லத்தீனில் கொர்னு என்றால் கொம்பு. வெள்ளைக்காரன் காலில் ஆணி போய்க் கொம்பு முளைத்திருக்கிறது.